உப்பு மண்ணில் ஒரு தாலி

பொன்னையாவிடம் யார் என்ன சொன்னாலும் முதலில் "சரி" என்பார். பிறகு, தான் நினைத்ததைத்தான் செய்வார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அவர் குச்சவெளிக் கடற்கரைக்குப் போகிறேன் என்றபோது ஒருவரும் மல்லுக்கட்டவில்லை. குண்டசாலையிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகள் சர்மிளா மட்டும்தான் கேட்டாள்.

"அம்மா இப்பிடிக் கெடக்கையில நீங்க எங்கப்பா போறீங்க?"

"மூணே நாளு. எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

அவர் எடுத்துக்கொண்டு வரப்போனது தன் மனைவி அங்கம்மாவின் தாலியை.

மூன்று மாதத்துக்கு முன் லயத்து ஆட்களெல்லாம் ஒரு வான் பிடித்துத் திருகோணமலைக்குக் கோயில் கும்பிடப் போனார்கள். கும்பிட்ட கையோடு குச்சவெளிப் பக்கம் போய்க் கடலில் இறங்கினார்கள். ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்த அங்கம்மாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "என்னங்க, இங்க வாங்க, இங்க வாங்க" என்று கத்திக்கொண்டே இறங்கியவளை ஓர் அலை புரட்டிப் போட்டது. எழுந்து நின்றபோது கழுத்து வெறுமையாயிருந்தது. நைந்துபோன கயிறு அறுந்து, குண்டுமணியளவு பவுன் தாலி தண்ணீரோடு போய்விட்டது. வானில் வந்த அத்தனை பேரும் பொழுது சாயும்வரை மண்ணைக் கையால் அளைந்தார்கள். கிடைக்கவில்லை. தெருவோரக் கடையில் ஒரு மஞ்சள் கிழங்கு வாங்கி, கயிற்றில் முடிந்து, பொன்னையா அங்கேயே அவள் கழுத்தில் கட்டிவிட்டார்.

அதற்கு ஆறு வாரம் கழித்து வயிற்றுவலி என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புற்று ஈரல்வரை போயிருந்தது. பார்க்க வந்தவர்களின் வாய் சும்மா இருக்குமா? "தாலி விழுந்த அன்னைக்கே நெனச்சோம்" என்று படுத்திருப்பவளின் காதில் விழவே பேசினார்கள், பாவிகள். ஒரு நாள் அங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எம்பவுன் தாலி அந்தக் கடல்ல கெடக்கு பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொன்னையாவுக்கு அது போதும். தன் மனைவி பவுன் தாலியோடுதான் போகவேண்டும், வெறும் மஞ்சளோடு போகக்கூடாது என்று மனசில் எழுதிக்கொண்டுவிட்டார்.

அவர் அப்படி நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. சண்டை முடிந்தபின் எட்டு வருசம் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர் பொன்னையா. இரும்பு தேடும் மெசினை வீசி வீசி அவருடைய வலது தோள் இன்றைக்கும் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும். இப்போது கண்டி டவுனில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஃபேன், ரைஸ் குக்கர் திருத்துகிறார். பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஸாகியிடம், தரைக்கு அடியில் பைப் தேட வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த மெசின் ஒன்று இருந்தது.

"இத வெச்சிக் கடல்ல தேட ஏலுமா பொன்னையாண்ணே?" என்று ஸாகி கேட்டான்.

"எல்லா மெசினும் ஒண்ணுதான் மொதலாளி."

"பொலிஸ்ல கடிதம் ஒண்டு எடுத்துக்கோங்க. புதையல் தோண்ட வந்தீங்கண்டு பிடிச்சாங்கண்டா நானுமில்லா மாட்டுவேன்!"

கடிதம் எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் ஹந்தானைச் செம்மண்ணில் மெசினை வைத்துச் சத்தத்தைச் சரிபார்த்தார். புறப்படும்போது அங்கம்மா அவர் கையைப் பிடித்து, "சுருக்கா வந்துருங்க" என்றாள். "சரி" என்றார்.

எல்லா மெசினும் ஒன்றுதான் என்றது எத்தனை பெரிய பேத்தல் என்பது குச்சவெளியில் கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்த மெசின், ஈரமண்ணுக்குள் போனதும் வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. அங்கே மண் சும்மா மண்ணில்லை. வெள்ளை மணலுக்கு இடையில் கரி தூவினாற்போல் கறுப்பு மண் பட்டை பட்டையாய்க் கிடக்கும்; அதெல்லாம் இரும்புச் சத்து. போதாததற்கு உப்புத் தண்ணீர் வேறு. இரும்பைப் பார்த்தும் மெசின் கத்தும், உப்பைப் பார்த்தும் கத்தும். செம்மண்ணில் பார்த்த கணக்கு இங்கே செல்லாது. பொன்னையா ஈரமண்ணிலேயே நின்று, மெசினின் அடியிலிருக்கும் தட்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மண்ணோடு மெசினைப் பழக்கினார். கறுப்பு மண்ணின் சத்தம் அடங்கியது. உப்பின் சத்தம் அடங்கவில்லை. அந்த வகைச் சத்தத்தை அப்படியே வெட்டிவிடும் பொத்தான் ஒன்றிருந்தது. அழுத்தினார். மெசின் கப்சிப்பென்றாகிவிட்டது.

அன்று முழுக்க நிம்மதியாய்த் தேடினார். எட்டு சோடா மூடி, இரண்டு ஆணி, ஒரு ஈயக்குண்டு. வலை தைத்துக்கொண்டிருந்த பஹீம் என்ற மீன்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போன கெழம கடல் மண்ண அள்ளிக்கிட்டுப் போயிட்டு அண்ணே. அடிமண் இப்ப மேல கெடக்கு. நீங்க வந்த நேரம் நல்ல நேரம்தான்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொன்னையா இரவு அவர் வலை வைக்கும் வாடிக் குடிசையிலேயே படுத்தார். படுக்குமுன் வீட்டுக்குப் பேசினார்.

"கெடைச்சிருச்சா?" என்று அங்கம்மாதான் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நாளைக்குக் கெடைச்சிரும் புள்ள."

மறுநாள் மத்தியானம்தான் அவருக்குப் பொறி தட்டியது. பவுனின் சத்தத்தை அடையாளம் பார்க்கச் சர்மிளா கொடுத்துவிட்ட சின்னப் பவுன் தோட்டை ஈரமண்ணில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து, அதன்மேல் மெசினை வீசிப் பார்த்தார். மூச்சு விடவில்லை மெசின்! "அடப்பாவி" என்று தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார். சின்னப் பவுனின் சத்தமும் உப்பின் சத்தமும் மெசினுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உப்பை வாய்மூடச் சொன்னால் பவுனும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். ஒன்றரை நாள் வீண். வெட்டியதைத் திரும்பத் திறந்துவிட்டு, மெசினின் கூர்மையைப் பாதிக்குக் குறைத்து, தட்டை மெதுவாக, மெதுவாக நகர்த்தினார். இரைச்சலுக்குள் தோட்டின் சத்தம் மெல்லக் கேட்டது. ஆனால் அதையும் குழப்பிக்கொண்டு இன்னொரு கொரகொரப்பு விட்டுவிட்டு வந்தது. அது மண்ணும் இல்லை, உப்பும் இல்லை. அன்று முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தும் அது என்னவென்று பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலையைத் தொடங்கும்போதே சட்டைப்பையில் போன் மணியடித்தது. அடித்த அதே நொடியில் மெசினும் கொரகொரவென்றது. பொன்னையாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வன்னியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது: மெசின் பிடிக்கிறவன் போனை வாகனத்தில் வைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்கவேண்டும். எட்டு வருசம் ஒரு நாள் தவறாமல் செய்தவர், வீட்டு யோசனையில் அதை மறந்து இரண்டு நாள் நெஞ்சோடு போனை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அழைத்தவர் யாரோ தொலைபேசிக் கம்பனி ஆள். பொன்னையா போனை அணைத்து, பையில் சுற்றி, வாடிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மெசின் அன்று சொன்ன பேச்சைக் கேட்டது. கறுப்பு மண் திட்டாய்ப் படிந்திருந்த இடங்களை மட்டும் பார்த்தார். கனமானதெல்லாம் கடல் அங்கேதான் கொண்டுபோய்ப் போடும். சோறு தின்னவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. நாலரை மணியிருக்கும், கணுக்காலளவு தண்ணீரில் நின்றபோது சத்தம் ஒன்று வந்தது. சின்னது, ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தது. கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார். மூன்றாவது அள்ளலில், கறுப்பு மண்ணுக்கு நடுவில், அங்கம்மாவின் தாலி.

"அங்கம்மா!" என்று அந்தக் கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார் மனுசன். பஹீம் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

வாடிக்குள் போய்ப் போனைத் திறந்தார். கிண் கிண்ணென்று செய்தி வந்துகொண்டேயிருந்தது. சர்மிளாவிடமிருந்து பதினேழு அழைப்பு. முதலாவது பத்து மணிக்கு. கடைசி, மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு. பொன்னையா திருப்பி அவளுக்கு அழைப்பு எடுத்தார். சர்மிளா "அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

விடிகாலையில் கண்டியில் இறங்கி, த்ரீவீலரில் ஹந்தானை ஏறியபோது லயத்து வாசலில் ஆட்கள் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தப்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் நிறுத்தினார்கள். அங்கம்மாவைக் குளிப்பாட்டி, கல்யாணக் கூரைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். பொன்னையா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து, புதுக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்த பவுன் தாலியைக் கழுத்தில், மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே கட்டினார். மூன்று முடிச்சுப் போட்டார். சர்மிளா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துக் காலையில அம்மா நல்லாத் தெளிஞ்சு பேசினாங்கப்பா. ஒங்களுக்குப் போன் போடு, அப்பாகிட்டப் பேசணும்னாங்க. போட்டேன், போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் 'எடுத்துட்டாரா'ன்னு கேட்டாங்க."

பெட்டி எடுக்கும் நேரம் வந்தது. அங்கம்மாவோடு ஒன்றாய்க் கொழுந்து பறித்த பக்கத்து வீட்டுச் சுந்தரி கிட்டே வந்து, தயங்கித் தயங்கி, அந்தப் பவுன் தாலியின் முடிச்சில் கை வைத்தாள்.

"என்னா செய்யிற?" பொன்னையா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"பவுன மண்ணுக்குள்ள விடமாட்டாங்கண்ணே. கழட்டிறணும். மஞ்சக் கயிறுதான் கூடப் போகும்."

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதா? எங்கம்மா செத்தப்ப அவதானே தாலியக் கழட்டி என் கையில குடுத்தா."

"அப்பறம் ஏன் என்னையப் போக விட்டா?" பொன்னையா கத்தியே விட்டார். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

சுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானுந்தான் கேட்டேன்ணே. 'மனுசன் ராப்பகலா எங்காலடியில உக்காந்து அழுதுக்கிட்டே இருக்காரு, கையில ஒரு வேல இருந்தா மூணு நாளைக்காச்சும் அழாம இருப்பாரு, போகட்டும்'னு சொன்னா. நேத்துத்தான் அவளுக்கே மனசு தாங்கல."

பொன்னையா தானே முடிச்சை அவிழ்த்தார். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, அழாமல் இருக்கட்டும் என்று தன்னை அனுப்பி வைத்தவளின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் நெடுநேரம் நின்று பார்த்தார்கள். பிறகு அவரை விலக்கிவிட்டுத்தான் தூக்கினார்கள்.