கொள்ளி வைக்க அனுமதி

அரசாங்கக் குழு கூடியிருந்த மண்டபத்துக்குள் யோகமலர் வியர்வை வழிய நுழைந்தாள். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். தாய் சீதேவி அன்று விடியக் கண்ணை மூடியிருந்தாள்.

தண்டனைச் சட்டங்களையும் நன்னடத்தைச் சட்டத்தையும் திருத்துவது பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அவள் தேடி வந்த நன்னடத்தை உத்தியோகத்தர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நீதிமன்றக் கட்டளைகளில் கொஞ்சம் மனிதத்தன்மை வேண்டும் என்றார். நன்றாகத்தான் சொன்னார்.

அவர் முடிக்கும்வரை அவள் பொறுக்கவில்லை.

"சேர், அண்ணை ஊருக்குள்ள வரவேணும். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க. பின்னேரம் எடுக்கப்போறம்."

அவளுடைய அண்ணன் கதிராமன், கரைவலைத் தகராறில் அதே ஊர் முத்தனின் கையைத் தோணி வலிக்கும் சவளால் அடித்து முறித்தவன். மறியலுக்கு அனுப்பாமல் விட்ட நீதவான், இரண்டு வருடம் சல்லிக்குள் கால் வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். மீறினால் சிறைதான்.

உத்தியோகத்தர் எழுந்து வந்து, தன்னால் ஏலாது, நீதவான்தான் மாற்றலாம், அவர் லீவில் நிற்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார்.

"திங்கள் மட்டும் பிரேதத்தை வைச்சிருக்கச் சொல்லுறீங்களோ?"

மொழிபெயர்ப்பாளர் விசயத்தைத் தலைவருக்குச் சொன்னார். தலைவர் உருக்கமாகத் தலையாட்டினார். மிகப் பொருத்தமான உதாரணம், அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். எழுதுவினைஞர் தாயின் பெயரை ஒருக்கால் திருப்பிச் சொல்லும்படி கேட்டார்.

யோகமலர் கதிரையொன்றைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

ஊர் எல்லைப் பாலத்துக்கு அப்பால் கதிராமன் வேட்டியோடு நின்றான். காலையிலிருந்து அங்கேதான். ஊர்ப் பக்கத்திலிருந்து முத்தனும் வந்து அவனோடு நின்றிருந்தான்.

"அவனைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை," என்றான் முத்தன். "அடி வாங்கினவன் நான். நானே வரச் சொல்லுறன், பிறகென்ன? பொலிசுக்கு ஆர் சொல்லப்போறான்?"

கதிராமன் தங்கையைப் பார்த்தான். "நீ படிச்சனீ. சொல்லு. வரட்டோ?"

செத்தவீட்டுப் பந்தலில் ஊர் அதிகாரியான விதானையார் இருந்தார். அவர் காணாதமாதிரி இருந்துவிடலாம். அறிவித்தும் விடலாம். கதிராமனின் பெண்சாதிக்கு ஏழு மாதம். அவன் உழைத்தால்தான் அடுப்பு எரியும். வாங்கோ என்ற சொல் யோகமலரின் தொண்டைவரை வந்தது. பேராதனையில் படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அதை விழுங்க வைத்தது.

"வராதேங்கோ அண்ணை."

அவன் மறுத்துக் கதைக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

"ஓம். கடலுக்குப் போயிட்டார், வந்திடுவாரெண்டு சொன்னனான்."

"நம்பினவவோ?"

அவள் சைக்கிளை உருட்டத் தொடங்கினாள்.

பின்னேரம் அண்ணனுக்குப் பதிலாகச் சிறிய தகப்பன் சின்னையாவின் மகன் கொள்ளிச்சட்டி தூக்கினான். பறைச் சத்தம் சுடலைப் பக்கம் திரும்பியதும் பெண்கள் வாசல் படலையோடு நின்று வீட்டுக்குள் போனார்கள். யோகமலர் போகவில்லை. பாலத்தை நோக்கி நடந்தாள்.

நாவிதர் பாலத்தைத் தாண்டி அண்ணனிடம் போயிருந்தார். வீதியோர மணலில் கதிராமன் குந்தியிருந்தான். தலை பாதி வழித்திருந்தது. பக்கத்தில் முத்தன் செம்போடு நின்றான். கதிராமன் கண்ணைத் திறக்காமல், தண்ணீருக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான்.