பதினேழாம் எண் வீட்டில் எவரும் இல்லை

எவரும் இல்லையாம், எங்கள் தெருவில் பதினேழாம் எண் வீட்டில் எவரும் இல்லையாம், எவரும் இல்லாததால் ஆட்சேபனையும் இல்லையாம்... அப்படியானால் மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால், ஆட்டோவுக்குள், புர்கா நனைய வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த ஜமீலா யார், பேயா பிசாசா? காகிதத்தை மறுபடியும் பிரித்துப் பார்க்கிறேன், பார்த்தால் எழுத்து மாறிவிடவா போகிறது. நகராட்சிப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பக்கத்து வீட்டு ஆமிரா போட்டோ எடுத்து அனுப்ப, நான் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் ஓட்டும் கம்பெனி வீடு வீடாகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டதாம், எங்கள் தெருவில் இருபத்துமூன்று வீடுகளில் பத்தொன்பதில் எவரும் இல்லையாம், மீதி நாலும் சம்மதமாம், ஆக தெருவே சம்மதம், அடுத்த வாரமே இந்தக் கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பலாம். மறுப்பு இருப்பவர்கள் இன்று பகல் ஒரு மணிக்குள் முகாமுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். முகாம் எங்கே? கேட்டுக்கு அந்தப் பக்கம், கல்யாண மண்டபத்தில். இப்போது மணி பன்னிரண்டு இருபது, அதே கம்பெனியின் நிலக்கரி ரயில் பாதையை அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது, இவர்களைத் திட்டப் போவதற்கும் இவர்களே வழி விட வேண்டியிருக்கிறது.

சுவர் வந்தால் என்ன, அதற்குத்தான் சப்வே போட்டுத் தருகிறோமே என்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, உப்பளத்தை ஒட்டிய பள்ளத்தில். ஐப்பசி மழை விழுந்தால் அங்கே லாரியே முங்கும். ருஷ்தாவுக்கு இது எட்டாம் மாதம், என் ஒரே மகள், அவளுக்கு நாள் குறித்திருப்பதும் ஐப்பசியில், ஆஸ்பத்திரி இருப்பதும் அந்தப் பக்கம். அவளை நான் பெற்ற அன்றைக்கு வலி எடுத்துப் பத்தாவது நிமிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன், இதே கேட் வழியாகத்தான், அன்றைக்குத் திறந்திருந்தது... அவளை அந்தப் பள்ளத்துத் தண்ணீருக்குள் எப்படிக் கொண்டுபோவேன், தோணி பிடித்தா? கம்பெனிக்காரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெயில் காலத்தில்தான் பிறக்கும் போலிருக்கிறது. ஆட்டோ ஓட்டும் சுடலைக்கண்ணுவிடம், நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க என்று கேட்டேன். “என்னத்தச் சொல்லுதது லாத்தா, எம் மச்சினனுக்கு அவனுவதான் வாட்ச்மேன் வேல குடுத்திருக்கானுவ, நல்லவன்னும் சொல்ல முடியல, கெட்டவன்னும் சொல்ல முடியல” என்று கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே சொன்னார். பக்கத்தில் மீன் பெட்டி கட்டிய பைக்கோடு நின்ற கிளைட்டன் விடவில்லை. “ஸ்கூலுக்கு பெஞ்சு குடுத்தானுவல்லா, பெஞ்சுக்கு பெஞ்சு பேரும் எழுதியிருக்கான். எங் கருவாட்டுல கரித்தூசி ஒட்டிக் கெடக்கே, அதுல பேரு எழுதச் சொல்லும் பாப்பம்!” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தால் ரயில் நகருமா என்ன. ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது, திட்டுகிறவனுக்கும் இருக்கிறது, வேலை வாங்கியவனுக்கும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையாம்.

வீடு யாருடையது, அதைச் சொல்லட்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து தங்குவார், என் உம்மா எனக்கு எழுதிக்கொடுத்த வீடு அது, தீர்வை ரசீது என் பெயரில் வருகிறது, ருஷ்தாவுக்குப் பின்கட்டை எழுதி வைத்தவளும் நான்தான். என் வீட்டுக்காரர் ஸதக்கத்துல்லாஹ் இருபத்தாறு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து, சீனி டப்பா எங்கே என்று கேட்பார். காலையில் போனில், “நீ எதுக்குப் போற, ஒன் தம்பி அஸ்கர அனுப்பு, அங்க பூரா ஆம்பளையா இருப்பாஹ” என்றார். அஸ்கர் போனால் டீ குடித்துவிட்டு, அவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வருவான், தெரியாதா எனக்கு? நானே போறேன் என்று போனை வைத்துவிட்டேன். மண்டபத்தில் என்ன கேட்க வேண்டும் என்று நேற்றிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்... பொய் எழுதச் சம்பளம் வாங்குறியளா, என் வீட்டு வாசலை மிதிக்காமலே ஆள் இல்லன்னு எழுதுனியளா, மிதிச்ச ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்...

ரயிலை ஒட்டி நடந்து வருகிறான் ஒருவன், கம்பெனி ஆள், நீலத் தொப்பி, வெயில் தாளாமல் நின்று பாட்டிலை உயர்த்தித் தண்ணீர் குடிக்கிறான், தொண்டை ஏறி இறங்குகிறது. எங்கேயோ பார்த்திருக்கிறேன் இதை. இந்த ஆளை இல்லை, இந்தத் தொப்பியை, இப்படிக் குடிப்பதை, கதவு இடுக்கு வழியாக... போன மாதம், வியாழக்கிழமை, சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் செதில், யாரோ கதவைத் தட்டினார்கள். “வீட்ல யாரும்மா இருக்கீங்க?” ஆண் குரல், வெளியூர்க் குரல். ஈரக் கையோடு கதவுக்குப் பின்னால் நின்று நான் என்ன சொன்னேன்? யோசிக்கவே இல்லை, தும்மல் மாதிரி வந்தது. “யாரும் இல்ல.” குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்றான், கதவை நாலு விரல் திறந்து டம்ளரைப் படியில் வைத்தேன், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக் குடித்தான், டம்ளரை வைத்துவிட்டு அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். யா அல்லாஹ். அவன் பொய் எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறான். ஆமிராவும் அதைத்தான் சொல்லியிருப்பாள், பத்தொன்பது வீட்டிலும் பத்தொன்பது பேர் கதவுக்குப் பின்னால் நின்று யாரும் இல்லை என்று சொல்லியிருப்போம். ஆண்கள் இல்லாத நேரம் யார் தட்டினாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், உம்மா சொன்னாள், நான் சொன்னேன், ருஷ்தாவுக்கு மூன்று வயதிலேயே சொல்லிக் கொடுத்தேன், அவள் மழலையில் அதைச் சொன்னபோது கொஞ்சிக்கூட இருக்கிறேனே.

திரும்பிப் போய்விடலாமா? அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் கத்த, நீங்கதானம்மா சொன்னீங்க என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் சிரிக்கும், தம்மாம் வரைக்கும் சிரிக்கும். வெட்கமாக இருக்கிறது, காது சுடுகிறது. ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நகர்கிறது, பெட்டி பெட்டியாகக் கரி போகிறது, கேட் எழும்புகிறது. மணி பன்னிரண்டு ஐம்பது. “என்ன லாத்தா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு? போவமா, வீட்டுக்குத் திருப்பட்டுமா?” என்று சுடலைக்கண்ணு கேட்கிறார். திருப்பினால் சுவர். திருப்பினால் ஐப்பசியில் ருஷ்தா, பள்ளம், தண்ணீர். சரி, நான் சொன்னேன், சொன்னது நான்தான், ஆனால் நீ கேட்டது யார் குரலை? எவரும் இல்லாத வீட்டில் உனக்குத் தண்ணீர் வைத்தது யார் கை? குடித்துவிட்டுத்தானே எழுதினாய், டம்ளர் ஈரம் காய்வதற்குள் எழுதினாயே! என் பொய் எனக்கு, அதை நம்பின மாதிரி நடித்தாயே, அது உனக்கு. அதையும் சொல்வேன், இதையும் சொல்வேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். “போங்க, நேரா போங்க” என்கிறேன், என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்கிறது.

மண்டபத்தில் மணமேடைக்குக் கீழே மேசை, மேசையில் நோட்டு, நோட்டின் மேல் குனிந்த ஒரு தலை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு இன்னும் நாலு நிமிடம். “கதவு நம்பர்?” “பதினேழு.” “கூட யாரு வந்திருக்காங்க?” “நான் வந்திருக்கேன்.” “அது சரிம்மா, கூட வந்திருக்கது யாரு?” தலை நிமிரவில்லை, பேனா காத்திருக்கிறது, பின்னால் வரிசையில் ஆண்கள் செருமுகிறார்கள்... அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன, நான் கூப்பிடவே இல்லை, தானாகவே வந்து நிற்கின்றன, உண்மையும் அதுதானே, கூட யாரும் இல்லைதானே, சொன்னால் இந்த ஆளும் அப்படியே எழுதிக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வேறு என்ன சொல்வது என்று ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அதை மட்டும் சொல்ல மாட்டேன், அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் இந்த மேசையை விட்டு நகரவும் மாட்டேன்.