பொட்டாசியம் இருக்க வேண்டிய இடம்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரி. அதன் வேதியியல் ஆய்வகத்தை ஷாமினி பதினோரு வருடமாகக் கவனித்து வந்தாள். படித்தது டிப்ளோமாதான், ஆனால் எந்த ஜாடி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

ஸ்டோரில் தனிமங்களை அவள் தனிம அட்டவணைப்படி குடும்பம் குடும்பமாக வைத்திருந்தாள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் அட்டவணையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்பவை. குணமும் ஒன்றுதான்: தண்ணீர் பட்டால் சீறும். அதனால் எண்ணெய் ஊற்றிய ஜாடிகளில், தண்ணீர்க் குழாய்க்கு எட்டாத அலமாரியில் இருந்தன.

புதிதாக வந்த மேலாளர் குகனுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏபிசி வரிசையில வைங்க லா. அடுத்த மாசம் ஆடிட். கேட்டதும் கைக்குக் கிடைக்கணும்."

"முடியாது சார். அப்படி வெச்சா பாஸ்பரஸும் பொட்டாசியமும் பக்கத்துல பக்கத்துல வரும். வெள்ளைப் பாஸ்பரஸ தண்ணிக்குள்ள வெச்சிருக்கோம். அந்த ஜாடி விரிசல் விட்டா என்ன ஆகும்?"

"நீங்க என்ன லெக்சரரா? சொன்னதச் செய்ங்க."

அவள் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவள் விடுப்பில் இருந்தபோது, குகன் வெளியாட்களை வைத்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டார். திங்கட்கிழமை ஷாமினி ஸ்டோரைத் திறந்தாள். தோள்பையைக் கூடக் கழற்றாமல், அந்த மூன்று உலோகங்களின் ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பழைய அலமாரிக்கே தூக்கிப் போனாள்.

பத்து மணிக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு குகன் வந்தார்.

"கையெழுத்துப் போடுங்க."

ஷாமினி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினாள்: 'தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் பொட்டாசியத்தை வைக்கச் சொன்னது நான்தான்.'

"மொதல்ல இதுல நீங்க போடுங்க சார். அப்புறம் நான் அதுல போடுறேன்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல சார், காட்டுறேன். கண்ணாடி போட்டுக்குங்க."

தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் தடுப்பை நிறுத்தினாள். பயறு அளவுக்குப் பொட்டாசியத்தை வெட்டி, எண்ணெயை ஒற்றி எடுத்து, இடுக்கியால் போட்டாள். அது நீர்மேல் வெறிபிடித்து ஓடியது; இளஊதாவாய்த் தீப்பிடித்தது; படீரென்று வெடித்துத் தடுப்பில் தெறித்தது. குகன் பின்னால் சாய்ந்து மேசையில் இடித்துக்கொண்டார்.

"இது ஒரு பயறு. ஜாடியில நூறு கிராம் இருக்கு."

அவர் தாளையும் தொடவில்லை, கடிதத்தையும் திரும்ப வாங்கவில்லை. ஷாமினி கையெழுத்துப் போடாமலே அந்தக் கடிதம் அவளுடைய கோப்புக்குப் போனது. அதற்குப் பின்னால் தன் தாளையும் இணைக்கச் சொல்லி, இணைக்கும்வரை அலுவலகத்தை விட்டு அவள் நகரவில்லை.

அடுத்த மாதம் ஆடிட்டுக்கு வந்த மலாய்க்கார அம்மா அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். இந்த மூன்று ஜாடிகள் மட்டும் ஏன் ஏபிசி வரிசையில் இல்லை, யார் இப்படி அடுக்கியது என்று மலாயில் கேட்டார். குகன் தரையைப் பார்த்தார்.

"சாயா, புவான்," என்று மலாயிலேயே சொல்லிக்கொண்டு ஷாமினி முன்னால் வந்தாள். "நான்தான், மேடம். ஏன்னு சொல்றேன், வாங்க."