புஸ்பத்துக்காக நபீஸா சொன்ன ‘ஓம்’

1

இந்தக் கதை எனக்குக் கூலி வேலையில் கிடைத்தது. நான் மொழிபெயர்ப்பாளன். விசாரணைகளில் தமிழில் ஒருவர் சொல்வதைச் சிங்களத்திலும், சிங்களத்தில் இன்னொருவர் சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் பிழைப்பு. ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை மேசையில் இருத்துவார்கள். பகல் முழுக்க இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருப்பவன் வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தால் என்ன செய்வான்? கூட்டுவான். அள்ளிக் கொட்டுவான். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நானாகச் சேர்த்தவற்றை அடைப்புக்குறிக்குள் போடப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் கை அடங்கியிருக்காது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘மட்டக்களப்பு வாவியின் மேல் சூரியன் மெல்ல எழுந்தபோது, இறால் கம்பனியில் அந்தப் பெண்கள் –’

வேண்டாம். அவர்கள் வேலை செய்யும் மண்டபத்துக்கு யன்னலே கிடையாது. சூரியனை நான்தான் பார்த்தேன், வெளியே நின்று தேநீர் குடித்தபடி.

இரண்டாவது தொடக்கம்:

‘கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, ஒரு வேலைத்தலத்தில் நாற்பது வீதத்துக்குக் குறையாத தொழிலாளர் –’

இதை என் மனைவி அஜந்தா வாசித்துவிட்டு, “இத ஆர் வாசிக்கிற? நீங்களும் அந்த லோயருமா?” என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் இது தெரியாவிட்டால் கதை நகராது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் நாற்பது பேராவது ஒரு சங்கத்தில் இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேசமாட்டேன் என்று முதலாளி சொல்லக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். இனி அது தொந்தரவு தராது.

2

தன்னாமுனைப் பக்கம், வாவிக் கரையில் இருக்கிறது கம்பனி. (ஒரு நல்ல பெயர் யோசித்து வைத்தேன். அந்தப் பெயரில் ஏறாவூரில் ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதாக அஜந்தா சொன்னாள். கம்பனி என்றே இருக்கட்டும்.) இறாலை ஐஸோடு நீண்ட மேசைகளில் கொட்டுவார்கள். பெண்கள் இரு பக்கமும் நின்று தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துத் தட்டில் போடுவார்கள். நின்றுதான். ஈரத் தரையில், நாள் முழுக்க.

சங்கம் தொடங்கியதே ஸ்டூலுக்காகத்தான். பிள்ளையாரடியிலிருந்து வேலைக்கு வரும் புஸ்பம் ஒருநாள் அலுவலக அறைக்குப் போய், “ஆளுக்கொரு ஸ்டூல் தந்தீங்கெண்டா இருந்து செய்வம் சேர். கையும் ஓடும்” என்று கேட்டாள். “நீங்க எங்கட ஆக்கள் இல்ல. கொந்தராத்துக்காரன்ட ஆக்கள். அவரிட்டக் கேளுங்க” என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்தக் கொந்தராத்துக்காரரை மேசைப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் கண்டதில்லை.

புஸ்பத்துக்கு ஸ்டூல் கிடைக்காதது பெரிதாகப் படவில்லை. ‘எங்கட ஆக்கள் இல்ல’ என்றதுதான் சுட்டது. சில மாதங்களில் சங்கம் பதிவானது. புஸ்பம் தலைவி. கம்பனி சங்கத்துக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் இரசித்துத்தான் ஆகவேண்டும்: மேசைப் பெண்கள் எங்கள் தொழிலாளர் அல்லர், ஆகவே உங்கள் சங்கத்தில் எங்கள் தொழிலாளர் ஒருவருமில்லை, ஆகவே பேச ஒன்றுமில்லை.

பிணக்கு தொழில் அலுவலகத்துக்கு வந்தது. விசாரணை அலுவலர் ஒரு பெண். சங்கத்தோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க அவர் இரகசிய வாக்கெடுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். பெட்டி முத்திரையோடு இருக்கும். மேசைப் பெண்கள் யாருடைய ஆட்கள் என்று தீர்ந்த பிறகே திறப்பார்கள். இரு தரப்பும் சம்மதித்தன.

3

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும்.*

[* இதை அடிக்குறிப்பாகத்தான் வைத்திருந்தேன். கதை முழுவதும் இதன் மேல் நிற்பதைப் பிறகுதான் கவனித்தேன். அடிக்குறிப்பிலிருந்து எழுப்பி மேலே கொண்டுவருகிறேன்.]

மேசையில் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள், ஏறாவூர் முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் முஸ்லிம் பெண்கள் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுவார்கள். அவர்களுடைய தட்டையும் தமிழ்ப் பெண்கள் நிரப்புவார்கள். ஆடி அமாவாசையன்று தமிழ்ப் பெண்கள் அமிர்தகழிக்கு, மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போவார்கள். அன்றைக்கு முஸ்லிம் பெண்களின் முறை. பெயர் கூப்பிடும்போது, போனவளின் பெயருக்கு நிற்பவள் ‘ஓம்’ சொல்வாள். கம்பனியின் மேற்பார்வையாளர் விஜிதரனுக்கு இது தெரியும். தட்டு நிறைந்தால் அவருக்குப் போதும், தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். புஸ்பத்துக்குச் சோடி ஏறாவூர் நபீஸா. பெயர்ப் பட்டியலில் சித்தி நபீஸா, புஸ்பத்துக்கு ‘ராத்தா’, அதாவது அக்கா. பல வருடங்களாக ஒருத்திக்காக மற்றவள் ‘ஓம்’ சொல்லி வருகிறாள்.

வாக்கெடுப்புக்குக் குறித்த திகதி ஆடி அமாவாசை.

அதை யாரும் அலுவலரிடம் சொல்லவில்லை. புஸ்பமும் சொல்லவில்லை. தீர்த்தம் ஒரு வருடமும் அவளுக்கு வேலையில் இடைஞ்சலாக இருந்ததில்லையே, யோசிக்கவே தோன்றவில்லை. விடிய வெள்ளணப் போய், இறந்துபோன தகப்பனுக்காகத் தீர்த்தமாடிவிட்டு நேரத்துக்கு வந்துவிடலாம் என்று போனாள். வழியெல்லாம் சனம். பஸ் நகரவில்லை.

மண்டபத்துக்குள் கைப்பை கொண்டுபோகக் கூடாது, அடையாள அட்டைகளெல்லாம் வெளியே கொழுக்கிகளில் தொங்கிய பைகளுக்குள். அதனால் விஜிதரன் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் வாக்குப் போடுவது என்று ஏற்பாடு. எல்லோருக்கும் தொப்பி, முகமூடி, கையுறை. “புஸ்பம்” என்றார் விஜிதரன். “ஓம்” என்றாள் நபீஸா. விஜிதரன் தலையை ஆட்டினார். நபீஸா உள்ளே போய் வாக்கைப் போட்டுவிட்டு வந்து இறாலைக் கையில் எடுத்தாள்.

சற்று நேரத்தில் “சித்தி நபீஸா” என்று கூப்பிட்டார். போனாள். சீட்டை வாங்கிப் பேனையைப் பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. சீட்டோடு நேரே அலுவலரிடம் வந்தாள்.

“மேடம், இது எனக்கு ரெண்டாவது. முதல் போட்டது புஸ்பத்துக்கு.”

நான் அதை மொழிபெயர்த்தேன். வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான வசனம் எனக்கு வந்ததில்லை. மொழி கஷ்டமில்லை, கம்பனி லோயரின் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள் புஸ்பம்.

4

நபீஸாவில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன்.

முதல் பிரதியில் அவளைத் தந்திரக்காரியாக எழுதினேன். (கம்பனியை மடக்க அவள் போட்ட திட்டம் அது. முகமூடிக்குள் மெல்லச் சிரித்தாள்.) எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. பஸ் தரிப்பிடத்தில் அவளையும் புஸ்பத்தையும் கண்டபோது அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நபீஸா கேட்டு முடியும்வரை பொறுத்திருந்தாள்.

“தம்பி, இது பொய். நான் பழக்கத்தில சொன்ன. வாய் தன்ட பாட்டில சொல்லிப் போட்டுது. அண்டைக்கு வீட்ட போய் நான் அழுத அழுக அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எல்லாருடைய வாக்கும் என்னால கெட்டுப் போச்செண்டு. நீங்க என்னப் பெரிய ஆளாக்க வேணாம்.”

“ராத்தாவ நான் ஒரு சொல்லும் ஏசல்ல, அதையும் எழுதுங்க” என்றாள் புஸ்பம். “நான் ஏன் ஏசுற? நான் தீர்த்தத்துக்குப் போறதுக்காகத்தானே அவ நிண்ட.”

ஆகவே அந்தப் பக்கம் கிழிபட்டது. மறைவில் சிரித்தவளைவிட, சீட்டைக் கையில் பிடித்தபடி வந்து உண்மையைச் சொன்னவளை எனக்கும் பிடித்திருக்கிறது.

5

கம்பனி லோயர் கொழும்பிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். முழு வாக்கெடுப்பும் செல்லாது, சங்கமே ஒரு மோசடி என்பது அவருடைய வாதம். ஆள்மாறாட்டத்தை நிரூபிக்க விஜிதரனைச் சாட்சியாக அழைத்தார்.

“அன்று புஸ்பத்தின் பெயருக்குப் பதில் சொன்னது புஸ்பமா?”

“இல்ல சேர்.”

“நிச்சயமாகத் தெரியுமா?”

“தெரியும் சேர்.”

லோயர் திருப்தியாக உட்கார்ந்தார். சங்கத்துக்காக வந்த தனுஷியா எழுந்தாள். சட்டக் கல்லூரி முடித்து அதிக காலம் ஆகவில்லை. (அவள் கண்களில் ஒரு மின்னல் – இல்லை, மின்னல் ஒன்றும் இல்லை. தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.)

“எல்லாருக்கும் தொப்பி, மாஸ்க். அது புஸ்பம் இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

விஜிதரனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

“என்ன மிஸ் கதைக்கிறீங்க? இத்தின வருசமா என்ட மேசையில நிக்கிற ஆள எனக்குத் தெரியாதா? புஸ்பம் இடக்கைக்காரி. பக்கத்து ஆளோட முழங்கை இடிபடுமெண்டு அவவ மூலையில போட்டதே நான்தான்.”

“தீர்த்தத்துக்குப் போகச் சொன்னது ஆர்?”

“நான்தான். லீவு என்னட்டத்தானே கேக்கிற.”

“பிந்தி வந்தா?”

“ஏசுவன். ஏசாம? வீட்ட போகச் சொல்லியும் அனுப்புவன்.”

“கொந்தராத்துக்காரர் ஏசமாட்டாரா?”

“அவருக்கு இவங்க ஆரெண்டே தெரியா, மிஸ்.”

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த ‘ஏசாம?’வை அதே தொனியில் சிங்களத்தில் கொண்டுவந்தேன். கம்பனி லோயர் கையைத் தூக்கிப் போதும் போதும் என்றார், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது அவர் இல்லையே. இந்த வேலையில் எனக்கு அப்படியொரு சந்தோசம் அதற்கு முன் வந்ததில்லை.

வெளியே வந்து விஜிதரன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ண, நான் பிழையா ஏதும் சொல்லிப் போட்டனா?”

“இல்ல தம்பி. எல்லாம் சரியாத்தான் சொன்ன.”

அலுவலரின் தீர்ப்பு நீளமானது. சாரம் இதுதான்: நிற்கும் இடத்தைக் காட்டுகிறவர், லீவு கொடுக்கிறவர், பிந்தினால் ஏசுகிறவர் யாரோ, அவரே வேலை கொடுப்பவர். மேசைப் பெண்கள் கம்பனியின் தொழிலாளர். பழைய வாக்குப் பெட்டி இரத்து. புதிதாக வாக்கெடுப்பு, வெள்ளிக்கிழமையுமில்லாத, திருவிழாவுமில்லாத ஒரு நாளில், அடையாள அட்டை கையில் இருக்க. நபீஸாவுக்கு ஓர் எச்சரிக்கை. அதை அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். புஸ்பம் ‘கம்பனியின் தொழிலாளர்’ என்ற இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

6

புதிய வாக்கெடுப்பு போன புதன்கிழமை நடந்தது. விஜிதரன் “புஸ்பம்” என்று கூப்பிட்டதும் மண்டபம் முழுக்க நபீஸாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “ஓம், நான்தான், நானேதான்” என்று அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனாள் புஸ்பம். அலுவலரே சிரித்துவிட்டார்.

பெட்டியைத் திங்கட்கிழமை காலையில் திறப்பார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. கதைக்கு முடிவு வேண்டும்.

[முடிவு அ: வாக்கு நாற்பது வீதத்தை எட்டவில்லை. வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கம்பனி காதோடு காதாகப் போட்ட கதையில் சில பெண்கள் பயந்துவிட்டார்கள். இது நடக்கக் கூடியது. எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.]

[முடிவு ஆ: வாக்குக் கிடைக்கிறது. கம்பனி நீதிமன்றத்துக்குப் போகிறது. பெண்கள் இன்னும் சில வருடம் நின்றுகொண்டே –]

[முடிவு இ: ]

இதை எழுத முன் விஜிதரனிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ண, திங்கக்கிழம பின்னேரம் நேரம் இருக்குமா? கூட்ட அறையத் துப்பரவாக்கிச் சங்கத்து ஆக்கள் வந்தா இருக்கக் கதிர போட்டு வைக்கட்டாம், மேல இருந்து சொல்லியிருக்காங்க. தேவைப்பட்டா மொழிபெயர்க்க ஆள் வேணுமாம். எத்தின கதிர எண்டுதான் ஒருத்தரும் சொல்லல்ல. எத்தின போட?”

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். வேலை முடிந்து இருவரும் நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். நபீஸா சிரித்தாள்.

“எனக்கும் புஸ்பத்துக்கும் ஒண்டு காணும் தம்பி. நாங்க மாறி மாறி இருப்பம்.”

புஸ்பம் சிரிக்கவில்லை. நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்க ஐஸில் கிடந்து சுருங்கிய கைகள் இரண்டும்.

“இல்ல ராத்தா. நோம்புக்கும் தீர்த்தத்துக்கும் மாறுவம். அந்த அறைக்குள்ள ஒங்கட பேருக்கு நீங்க, என்ட பேருக்கு நான். ரெண்டு கதிர.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

முடிவு இ இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப என் கை துடிக்கிறது. ஆனால் திங்கட்கிழமை பின்னேரம் அந்த மேசையில் நான் இருக்க நேர்ந்தால், கூட்டமாட்டேன் குறைக்கமாட்டேன் என்ற சத்தியத்தோடுதான் இருக்கவேண்டும். இப்போதே அதைப் பழகிக்கொள்கிறேன். இருவருக்கு இரண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். மேசையைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

விஜிதரன் மறுபடியும் எடுத்துவிட்டார். தொலைபேசி என் காதில் இருக்கிறது. அவர் கேட்பதை, வாசிக்கும் உங்களுக்கு அப்படியே சொல்கிறேன்:

எத்தனை கதிரை போடட்டும்?