அடங்காத எலும்பு

முப்பத்தொரு வயதிலும் தம்பி வளர்ந்துகொண்டிருந்தான். அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். தையல்காரி அவள். அவனுடைய பேண்ட் எல்லாவற்றிலும் உள்மடிப்பில் நான்கு விரற்கடை துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பாள். கணுக்கால் தெரிய ஆரம்பித்ததும், அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவாள். பழைய மடிப்பின் கோடு மறையும்வரை ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்ப்பாள். பள்ளிக்கூடத்திலேயே "ஏணி" என்று கேலி செய்து அவனை அழவைத்திருந்தார்கள். பெரியவனான பிறகுமா அந்த வேதனை என்று நினைத்துச் செய்த காரியம். பத்து வருஷமாகச் செய்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அவன் எலக்ட்ரீசியன் ஆனான். "எனக்கு ஏணி வாங்கற செலவு மிச்சம்க்கா" என்பான்.

ஒருநாள் முக்காலியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிக் கையை ஊன்றினான். மணிக்கட்டு உடைந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலி அது. எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சீட்டில் வயதை அடித்துப் பதினைந்து என்று எழுதினார்.

"என்னங்க பண்றீங்க? அவனுக்கு முப்பத்தொண்ணு" என்றாள் கூடப் போயிருந்த அக்கா.

"வளர்ற வயசுல எலும்பு முனையில இருக்கிற இடைவெளி இன்னும் மூடவே இல்லம்மா. இது பையனோட கை. படம் மாறிப்போயிருக்கும்."

"உடைஞ்ச இடம் படத்துலயே தெரியுதே? மாறிப்போக இது என்ன செருப்பா?"

மறுபடி எடுத்தார்கள். அதே கை, அதே இடைவெளி. எலும்பின் அடர்த்தியை அளந்தபோது அது எண்பது வயதுக் கிழவருடையதைப் போல இருந்தது. அங்கிருந்து ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா நிதானமாகப் பேசுபவர்.

"எலும்புக்குள்ள ரெண்டு வகை செல் இருக்கு. ஒண்ணு அரிக்கும், இன்னொண்ணு கட்டும். அரிக்கிறதை அடக்கி வைக்கிறதும், வளர்ந்தது போதும்னு முனையை மூடச் சொல்றதும் ஈஸ்ட்ரோஜன்."

தம்பி கூச்சத்துடன் சிரித்தான். "அது பொம்பளைங்க சமாச்சாரம் இல்லையா டாக்டர்?"

"ஆம்பளை ஹார்மோன்ல ஒரு பங்கை உடம்பே ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கும். அது இல்லன்னா ஆம்பளை எலும்பும் அடங்காது. உங்களுக்கு மீசை, குரல் எல்லாம் சரியா இருக்கு. அந்தப் பக்கம் குறையில்ல. மாத்திக்கிறதுலதான் கோளாறு இருக்கணும்."

வயிற்றுத் தோலில் பிளாஸ்திரி போல ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை கொடுத்தார். முனை மூட வேண்டும், எலும்பு கெட்டிப்பட வேண்டும். அதற்குள் இன்னொரு முறை விழுந்தால் இடுப்பே போய்விடும் என்று எச்சரித்தார்.

அக்கா தையல் இயந்திரத்துக்கு மேலே காலண்டரை மாட்டி, பட்டை மாற்றும் நாட்களை வட்டமிட்டாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்று மாதம் கழித்து அளவை இரட்டிப்பாக்கினார்கள். ஆறாவது மாதம் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் நிரம்பி வழிந்தது. எலும்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவன் அரை விரற்கடை வளர்ந்திருந்தான்.

"ஒழுங்கா ஒட்டினீங்களா?" என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோறு வைக்க மறந்திருப்பேன் டாக்டர், இதை மறக்கல."

"அக்கா, விடு. இத்தனை ஒட்டியும் எனக்கு மார்கூட வளரல டாக்டர். அதையாவது நல்ல செய்தின்னு எழுதிக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகுதான் மரபணுச் சோதனைக்கு ரத்தம் போனது. ஹார்மோனை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லிலும் ஏற்பி என்று ஒன்று இருக்குமாம். ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பி அவனுக்குப் பிறவியிலேயே பழுது. எவ்வளவு ஊற்றினாலும் எலும்புக்கும் சரி, மாருக்கும் சரி, சேதியே போகாது.

முடிவு வந்த மாதமே குளியலறையில் விழுந்தான். இடுப்பெலும்பு. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அக்கா அந்த டாக்டரைப் பார்க்கப் போனாள். எதிரே உட்கார்ந்து மடிப்பு இறக்கிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் மறைக்காம இருந்திருந்தா அவனே வந்து உங்ககிட்ட காட்டியிருப்பான். பத்து வருஷத்தை நான்தான் டாக்டர் தின்னுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"முன்னாடி வந்திருந்தாலும் இதே பட்டையைத்தான் கொடுத்திருப்பேன். இதேபோலத்தான் கேட்காமப் போயிருக்கும். விழாம பார்த்துக்கங்கன்னு பத்து வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"எலக்ட்ரீசியன் வேலைக்குப் போக வேண்டாம்னும் சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்டான்."

"அப்படித்தான் எனக்கும் தோணுது."

அக்கா எழுந்துகொள்ளவில்லை. "உங்க மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல. அப்ப நான் யாரைத்தான் டாக்டர் திட்டறது?"

வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். கைத்தடியோடு ஒருவர் கதவைத் திறந்து, உள்ளே ஆளிருப்பதைக் கண்டு தயங்கி நின்றார். அக்கா நகரவில்லை. "கொஞ்சம் இருங்கய்யா, எனக்கு இன்னும் பதில் வரல" என்றாள்.