வியாழனைக் கட்டிப்போட்டவர்கள்

மூன்று வருஷம் பி.எஸ்ஸி. படித்து முடித்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்படி இன்னாத்தடி பாத்தே அங்க?" நாற்று நட்டே என்னைப் படிக்க வைத்தவள். காட்டித்தான் ஆகவேண்டும். கல்லூரி டெலஸ்கோப்பை ஒரே ஒரு ராத்திரிக்குக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மண்ணூர் வந்து சேர்ந்தேன்.

அந்த ஆனி மாதம் வெள்ளி, செவ்வாய், வியாழன் மூன்றும் மேற்கே ஒட்டிக்கொண்டு நின்றன. தேர்தல் முடிந்தும் கலையாத கூட்டணி. ஊருக்கு வெளியே ஏதோ கம்பெனிக்காரன் வாங்கிப் போட்டிருந்த பொட்டலில் கருவியை நிறுத்தி, வியாழனைக் குழாய்க்குள் பிடித்து, "அம்மா, வா" என்றேன்.

வந்தவர் நரசிம்மன். பஞ்சாயத்துப் பதவி போய்விட்டது, பிரசிடெண்ட் என்ற பெயர் மட்டும் போகவில்லை. பின்னால் அவர் மச்சான் கோதண்டம். அவருக்கும் பின்னால் ஊரிலுள்ள மீசைகள் எல்லாம்.

"மொதல்ல ஆம்பளைங்க பாக்கட்டும் கண்ணு. நீ போய் எல்லாருக்கும் டீ போட்டு எடுத்தா."

பட்டதாரிக்கு ஏற்ற வேலைதான். "பூமி சுத்திக்கினே இருக்குது, வியாழன் நவுந்துடும். அப்பப்ப குழாயத் தள்ளணும்" என்றேன்.

"பூமி சுத்துறது எங்களுக்குத் தெரியாதா? நீ போம்மா."

டீயோடு திரும்பியபோது பார்த்து முடித்தவர்கள் கூட்டமாக நின்று அனுபவம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செக்கச்செவேல்னு தாம்பாளம் மாதிரி கீது!"

"வால் ஒண்ணு இருந்திச்சே, பாத்தியா?"

பிரசிடெண்ட் அதில் மலையே பார்த்திருந்தார்.

கடைசியில், பெண்களோடு ஓரமாக நின்ற அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலியேடி."

மீசைகள் சிரித்தன. "இதுக்கெல்லாம் படிப்பு வேணும் சந்திரம்மா!" என்றார் கோதண்டம். அவர் நாலாவது ஃபெயில்.

நான் கண் வைத்தேன். வெறும் இருட்டு. குழாயைத் தள்ளினால் அசையவில்லை. தடவிப் பார்த்தேன். கயிறு. மாட்டைக் கட்டுவதுபோலக் குழாயை அதன் காலோடு சுற்றி இறுக்கியிருந்தது.

"நாந்தான் கட்னேன்" என்றார் கோதண்டம் பெருமையாக. "நீ அந்தாண்ட போனதுமே கட்டிட்டேன், ஆடக்கூடாது பாரு. அப்பால யாரு மொதல்ல பாக்குறதுன்னு தகராறு. அது தீரவே நேரமாச்சு."

அதற்குள் வியாழன் நகர்ந்தாயிற்று. இத்தனை மீசைகளும் இருட்டைப் பார்த்துத்தான் மலையும் வாலும் கண்டுபிடித்திருக்கின்றன. சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் வியாழன் இறங்கிப் பனை உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது, மறைய அதிக நேரமில்லை. உண்மையைச் சொன்னால் ஆண்கள் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"எல்லாரும் நல்லா பாத்துட்டீங்க இல்ல?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

"அப்ப வூட்டுக்குப் போங்க. இனிமே பொம்பளைங்க பாக்குறோம்."

பிரசிடெண்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மலை பார்த்தவர் வேறு என்ன கேட்பார்? டீ கிளாஸ்களைத் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

கயிற்றை அவிழ்த்துக் குழாயைத் திருப்பினேன். அம்மா மறுபடி குனிந்தாள்.

"உருண்டையா ஒண்ணு. பக்கத்துல நாலு பொட்டு. நேரா, நாத்து நட்டாப்புல." வியாழனின் நாலு நிலாக்களைத்தான் அப்படிச் சொன்னாள். "வால் எங்கடி?"

"அது ஆம்பளைங்களுக்கு மட்டுந்தாம்மா தெரியும்."

அம்மா சிரிக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. பின்னால் பெண்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏய், குழாயத் தள்ளுடி" என்றாள் அம்மா. "போய்க்கினே கீது."