கன்னம் பார்த்து ஓடிய பேருந்து

பதினான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர் விசில் சத்தம் கேட்டு ஆறு வருடமாகிறது. எஞ்சின் உறுமுவது கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், மனைவி பேசுவதுகூடப் பாதி கேட்கும். விசில் மட்டும் கேட்காது. அதற்காகப் பேருந்து நின்றுவிடவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் நடத்துநரின் கன்னம் தெரியும். ஒருமுறை உப்பினால் நிறுத்துவார், இரண்டு முறை உப்பினால் எடுப்பார். நடத்துநர் மனைவியின் தம்பிதான். பார்த்துப் பழகிய கன்னம்.

அந்தக் கன்னமே ஒருநாள் காலை வாரிவிட்டது. கடைவாய்ப் பல் வலியில் வலது பக்கம் பன் போல வீங்கியிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். ஒரே விசில், முடிவில்லாத விசில். வண்டியை நிறுத்தினார். நாற்பது நிமிடம் எடுக்கவேயில்லை. பயணிகள் கத்தினால், "கண்டக்டர் ஊதிக்கிட்டே இருக்காரு, நான் எப்படி எடுக்கறது?" என்றார். நடத்துநருக்கோ வாயைத் திறக்க முடியவில்லை. மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஏறிய ஒருவர் தாடியோடு இறங்கினார் என்று பின்னால் சொன்னார்கள். தாடி என்பது மிகை, மீசை மட்டும்தான்.

பணிமனை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. சரியில்லைன்னா இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடறேன்."

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. உட்கார்ந்தே இருப்பதில் ஓட்டுநருக்கு ஆட்சேபம் இல்லை. உட்கார்ந்திருக்கும் இடம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

பரிசோதனை நிலையத்தில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. செவிப் பரிசோதகர் அம்மாள் அவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்.

"எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க ஐயா. கேக்கலைன்னா சும்மா இருங்க."

சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தார்? கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மாள் விசையைத் தட்டும்போதெல்லாம் அவருடைய வலது தோள் நூலிழை ஏறி இறங்கியது. கன்னம் பார்த்தவருக்குத் தோள் எம்மாத்திரம். தோள் ஏறியது, இவர் அமுக்கினார். அம்மாளின் மேசையில் விளக்கு எரிந்தது.

அம்மாள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். குறைக்க இனி இடமில்லை என்று இயந்திரமே கைவிரித்த பிறகும் விளக்கு எரிந்தது. பிறந்த குழந்தைக்குக்கூட இப்படி ஒரு காது கிடையாது. மலைத்துப்போய், ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்தார். ஏழு மிடறு குடித்தார். விளக்கு ஏழு முறை எரிந்தது.

அறைக் கதவு திறந்தது.

"ஐயா, நான் டீ குடிச்சதா உங்க காதுல விழுந்துச்சு?"

"லேசா ஆறிப்போன டீ," என்றார் ஓட்டுநர்.

அம்மாள் ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இம்முறை வரைபடத்தின் கோடு நேராகப் போய், பாதியில் படிக்கட்டிலிருந்து உருண்டது போலக் கீழே விழுந்தது.

"கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குது. கீச்சுச் சத்தம்தான் போயிருச்சு. முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கீங்களே."

"இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டணும்மா."

"ஓட்டுங்களேன். மிஷின் போட்டுக்கிட்டுக் கேட்டாலும் கேக்கறதுதான். கண்ணால கேக்கறதைத்தான் நான் எழுதிக் குடுக்க முடியாது."

காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒரு கருவி வந்து உட்கார்ந்தது. மேலாளரே சோதனைக்கு ஏறினார். கன்னம் தெரியும் கண்ணாடியைச் செய்தித்தாளால் மூடினார். "விசிலைக் காதால கேட்டு எடுங்க, பார்ப்போம்," என்று பேனாவோடு ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார்.

முதல் நிறுத்தம். ஆட்கள் ஏறினார்கள். ஓட்டுநர் காத்திருந்தார். கைப்பிடிக் கம்பி கிறீச்சிட்டது, யாரோ பிளாஸ்டிக் பையைப் பிரித்தார்கள், எல்லாம் கேட்டது. விசில் கேட்கவில்லை. மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார். அதுவும் கேட்டது.

அப்போது கடைசி இருக்கைப் பக்கமிருந்து, ஒரு பயணியிடம் நடத்துநரின் கிசுகிசுப்பு. "என்னக்கா பண்றது, விசில் விரிசல் விட்டு நாலு வருஷமாச்சு. வெறும் காத்துதான் வரும். கன்னத்தை உப்பினாலே மாமா எடுத்துருவாரு. இன்னிக்குன்னு பார்த்து..."

ஓட்டுநர் திரும்பாமலே குரல் கொடுத்தார். "ஏன் மாப்ள, விசில் உடைஞ்சதை நாலு வருஷமா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விசில் உடைஞ்சுதுன்னு யாரு சொன்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

எழுந்து பின்னால் போய், விசிலை வாங்கித் தானே ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. திரும்பி வந்து, ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு நான் அந்தப் பஞ்சு ரூமுக்குப் போறேன். கண்ணாடி வழியா எதையோ பார்க்கணுமாமே?"

"தோளைப் பார்க்கணும் சார்," என்றார் ஓட்டுநர். "ஆனா அந்தம்மா இப்ப திரையை இழுத்துவிட்டுத்தான் டீயே குடிக்கறாங்க."